ஒன்பது மணிக்குப் புறப்பட்டு எட்டு ஐம்பதுக்குச் சேர்ந்த பயணம்



தன்னாமுனை, ஏறாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். இளம் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன்.

2001ஆம் வருடம் என்று வைத்துக்கொள்வோம். மண்முனைத்துறையில் அப்போது பாலம் இல்லை. காலை 9.00 மணிக்குப் பாதையில் ஏறி, 20 நிமிடத்தில் படுவான்கரையில் இறங்குகிறீர்கள். அங்கே சுவர் மணிக்கூடு 8.50 காட்டுகிறது! மணிக்கூட்டில் பிழை இல்லை. வாவியின் இரு கரைக்கும் அன்று இரண்டு நேரம்.

1996இல் மின்சாரத் தட்டுப்பாடு. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மே 25 அன்று நாட்டின் நேரத்தை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. நண்பகல் 12ஐ ஒட்டி வந்த லுஹர் ஒரு மணியை ஒட்டிப் போனது. ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 அன்றுதான் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ இந்த மாற்றத்தை ஏற்கவில்லை; அங்கே பழைய நேரமே ஓடியது.

இந்தப் பயணக் கணக்கைத் தரம் 12 பிள்ளைகளிடம் கொடுத்து, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பைதானில் செய்நிரல் எழுதச் சொன்னேன். 8.50இலிருந்து 9.00ஐக் கழித்த பிள்ளைக்குத் திரையில் வந்த விடை: "-1 நாள், 23:50:00". வகுப்பே சிரித்தது. ஆனால் கணினி பொய் சொல்லவில்லை. ஒரு நாளைக் கழித்து 23 மணித்தியாலம் 50 நிமிடத்தைக் கூட்டினால் மைனஸ் 10 நிமிடம்தான். கணக்கு சரி, மனிதர் வாசிக்கிற விடையாக அது இல்லை.

கணினிக்குத் தெரிந்தது செக்கன்களின் எண்ணிக்கை மட்டும். 30,600 செக்கன் என்றால் 3,600ஆல் வகுக்கிறோம்: 8 மணித்தியாலம், மிச்சம் 1,800. அதை 60ஆல் வகுத்தால் 30 நிமிடம். 1996 ஒக்டோபர் 25 இரவு 10 மணிக்கு வேலைக்கு வந்து, காலை 6 மணிக்குப் போன காவலாளி செய்த வேலை இவ்வளவு. மணிக்கூட்டை மட்டும் பார்த்தால் 8 மணித்தியாலம்தான். அன்றிரவு 12.30 ஆனதும் முள்ளைத் திரும்ப 12க்கு வைத்தார்கள். அவர் விழித்திருந்த அந்த அரை மணித்தியாலம் கணக்கில் விழாது.

நோன்பை எடுத்துப் பாருங்கள். சஹரிலிருந்து இஃப்தார் வரை எவ்வளவு நேரம் என்பதில் இரு கரைக்கும் வித்தியாசம் வந்ததில்லை. தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மணிக்கூட்டில் பார்த்தால் எந்த நேரமானாலும் விடை ஒன்றுதான். ஒரு முனையை ஒரு மணிக்கூட்டிலும் மறுமுனையை வேறொன்றிலும் பார்க்கும்போதுதான் பிழைக்கிறது. எனவே இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும். புதிய நேரம் 9.00 என்பது அங்கே 3.00, பழைய நேரம் 8.50 என்பது 3.20. கழித்தால் 20 நிமிடம்.

உலகக் கணினிகள் பார்க்கும் நேர வலயப் பட்டியலில் இலங்கைக்கு "ஆசியா/கொழும்பு" என்ற ஒரே பதிவுதான். 1996, 2006 மாற்றங்கள் அதில் உண்டு. படுவான்கரையின் பழைய நேரத்துக்குத் தனிப் பதிவு கிடையாது. ஏறத்தாழ பத்து வருடம் அங்கே பிறந்த பிள்ளைகள், நடந்த கலியாணங்கள், நேர்ந்த மரணங்கள் எல்லாவற்றையும் கணினி கொழும்பு நேரமாகவே வாசிக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1996 முதல் 2006 வரையிலான பிறந்த நேரக் குறிப்போ, நாட்குறிப்போ, பழைய கடிதமோ இருந்தால், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்: "இது பழைய நேரமா, புதிய நேரமா?" பதிலை அந்தத் தாளிலேயே பக்கத்தில் குறித்து வையுங்கள்.

உங்கள் ஊரில் அப்போது எந்த நேரம் ஓடியது? கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.