பின்படிக்கட்டின் கழிப்பறை: வணிகக் கட்டடங்களில் காற்றும் நீரும் இருக்கையும் வந்த வரலாறு

நின்றபடி வேலை செய்யும் தொழிலாளிக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரவேண்டும் என்று இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு 1948-லேயே சொல்லிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்னால் வந்த சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு ஆகியவற்றைப் பேசியது. கடைச் சிப்பந்தியின் இருக்கை அதில் இடம்பெறவில்லை. அந்தச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது 2021 செப்டம்பரில். தறியருகே நின்றவருக்குக் கிடைத்த உரிமை, அந்தத் தறியில் நெய்த துணியை விற்பவரை வந்தடைய 73 ஆண்டுகள் ஆயின.

இந்த இடைவெளி தற்செயலானது அன்று. கடை, அலுவலகம், விடுதி, வணிக வளாகம் ஆகியவற்றின் உள்வெளி எப்படி ஆரோக்கியமானதாக மாறியது என்ற வரலாற்றைப் பொதுவாகக் கட்டடக்கலையின் முன்னேற்றமாகவே எழுதுகிறார்கள். குழாய் வந்தது, குளிர்சாதனம் வந்தது, பசுமைக் கட்டடம் வந்தது என்று அது போகும். அதே வரலாற்றை யாருக்காக வந்தது என்று கேட்டபடி படித்தால் வேறொரு வரிசை தென்படுகிறது. வசதி முதலில் வாடிக்கையாளருக்காக நுழைகிறது. பணியாளரை அது சட்டத்தின் வழியாக, பெரும்பாலும் போராட்டத்துக்குப் பிறகு, தாமதமாக எட்டுகிறது. அதைத் துடைத்துக் கழுவுகிறவர் வரைபடத்தில் இன்றும் ஏறக்குறைய இல்லை. இக்கட்டுரை அந்த வரிசையைப் பின்தொடர்கிறது.

கண்காட்சியிலிருந்து கடைத்தளத்துக்கு

1851-ல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த பெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய்ப் பொறியாளர் நீர் பீய்ச்சிக் கழுவும் கழிப்பறைகளை நிறுவினார். கட்டணம் ஒரு பென்னி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசு கொடுத்துப் பயன்படுத்தினார்கள். பொது இடத்தில் தூய்மையான கழிப்பறை இருந்தால் மக்கள் அதை நாடுவார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் ஃப்ளீட் தெருவில் ஆண்களுக்கும், சில நாள் கழித்து பெட்ஃபோர்டு தெருவில் பெண்களுக்கும் சோதனை முயற்சியாகக் கழிப்பறைகள் திறக்கப்பட்டன. போதிய ஆள் வராமல் அவை மூடப்பட்டன. கண்காட்சியின் நெரிசலில் தயங்காமல் போனவர்கள், தெருவில் பிறர் பார்க்க அந்தக் கதவைத் திறக்கக் கூசினார்கள்.

பின்னர் ஆண்களுக்கான தெருக் கழிப்பறைகள் பெருகின. பெண்களுக்கானவை பெருகவில்லை. 1900 வாக்கில் லண்டன் கேம்டன் பகுதியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட முன்மொழிந்தபோது, இடத்தைக் காட்ட வைத்த மரமாதிரியின்மீது வண்டிகளை மோதவிட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். அப்போது அந்த வட்டார நிர்வாகத்தில் உறுப்பினராக இருந்த நாடகாசிரியர் பெர்னார்டு ஷா பெண்கள் பக்கம் நின்று வாதாடினார். தெருவில் இடமில்லாத பெண்ணுக்கு இடம் கொடுத்தது பெருங்கடை. 1909-ல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃபிரிட்ஜ் தொடங்கிய கடையில் ஓய்வறை, உணவகம், வாசிப்பறை எல்லாம் இருந்தன. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய அவசரம் இல்லாத பெண் நீண்ட நேரம் கடையில் இருப்பாள், இருக்கும் நேரமெல்லாம் வாங்குவாள் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. வணிகக் கட்டடத்தில் நல்ல கழிப்பறை விற்பனை உத்தியாகத்தான் வேர்விட்டது. அதனால் பெண்கள் அடைந்த விடுதலை உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்குத் துணியை விரித்துக் காட்டிய இன்னொரு பெண்ணின் நிலை வேறு. நாள் முழுக்க நிற்பதால் கடைப்பெண்களின் உடல் கெடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழ் 1880-களிலேயே எழுதியது. 1899-ல் பிரிட்டன் கடை உதவியாளர் இருக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்தது: மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை. உட்கார்ந்தவரை வேலையிலிருந்து நீக்காமல் காக்கும் வழி எதுவும் அதில் இல்லை. கடை ஊழியருக்குக் கழிப்பறையும் காற்றோட்டமும் வேண்டும் என்று பிரிட்டிஷ் கடைகள் சட்டம் சொன்னது 1934-ல். அமெரிக்காவில் 1887-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பணியிடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம் என்று சட்டமியற்ற, 1920-க்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பெண் உடல் பலவீனமானது, பொதுவெளியில் காக்கப்பட வேண்டியது என்ற விக்டோரியக் காலக் கருத்தே அச்சட்டங்களைத் தூண்டியது என்று சட்ட வரலாற்றாய்வாளர் டெர்ரி கோகன் காட்டியிருக்கிறார். நோக்கம் எதுவானாலும், முதலாளியின் விருப்பமாக இருந்தது அன்றுதான் கடமையானது.

காற்றின் கணக்கு

மூடிய அறையில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவை அளந்தால் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறியலாம் என 1858-ல் மியூனிக்கில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் நிறுவினார். அவர் வைத்த எல்லை பத்து லட்சத்தில் 1,000 பங்கு. இன்றும் அலுவலகச் சுவரில் மாட்டும் காற்றுமானிகள் பல அந்த எண்ணைத்தான் எச்சரிக்கைக் கோடாகக் கொள்கின்றன.

குளிர்சாதனத்தின் தொடக்கம் மனிதருக்கானது அல்ல. 1902-ல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணம் விலகுவதைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் தன் முதல் அமைப்பை வடிவமைத்தார். 1924-ல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பெருங்கடை, தள்ளுபடி விற்பனையின்போது நிலவறையில் வாடிக்கையாளர்கள் மயங்கி விழுந்ததால் குளிர்விப்பான்களை நிறுவியது. இங்கேயும் அதே வரிசைதான்: முதலில் சரக்கு, அடுத்து வாங்குபவர்.

குளிர்சாதனம் வந்ததும் சாளரம் பூட்டப்பட்டது. அதன்பின் ஒருவருக்கு எவ்வளவு வெளிக்காற்று தருவது என்பது இயந்திர அறையில் முடிவாகும் எண்ணாயிற்று. அமெரிக்கப் பொறியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 கன அடி என்று பரிந்துரைத்திருந்தார்கள். 1930-களில் அது 10 ஆனது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளை மிச்சப்படுத்த 1981 தரநிலை அதை அலுவலகங்களில் 5 ஆக்கியது. மிச்சமான எரிபொருளுக்கான விலையை உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கொடுத்தார்கள். தலைவலி, கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, கட்டடத்தை விட்டு வெளியேறினால் சரியாகிவிடும் சோர்வு என்ற குறிகளைத் தொகுத்து 1983-ல் உலக சுகாதார நிறுவனம் நோய்க்கட்டட நோய்க்குறி என வகுத்தது. 1989-ல் அந்த எண் அலுவலகத்துக்கு 20 என உயர்ந்தது. 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், காற்றோட்டம் கூடிய நாட்களில் ஊழியரின் சிந்தனைத் திறன் மதிப்பெண் வழக்கமான அலுவலகச் சூழலைவிட இரு மடங்கானதைக் கண்டார்கள். பங்கேற்றவர்கள் 24 பேர்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் அது சுட்டும் திசை நூறாண்டு அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

பச்சையும் தூய்மையும் மோதும் இடம்

1976 ஜூலையில் பிலடெல்பியாவின் விடுதி ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்தது. அதற்கு வந்தவர்களில் 30 பேர் அளவில் புரியாத நிமோனியாவால் இறந்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் நோய்க்கிருமி கண்டறியப்பட்டு லீஜனெல்லா எனப் பெயர்பெற்றது. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் அது வளரும். நீர்த்துளியாகக் காற்றில் ஏறி நுரையீரலை அடையும். கட்டடத்தின் குழாயும் காற்றும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை வடிவமைப்பாளர்கள் அன்று கற்றிருக்க வேண்டும்.

முழுதாகக் கற்கவில்லை என்பதற்குப் பிற்காலச் சான்று ஒன்று உண்டு. கைபடாமல் திறக்கும் உணர்வித் தானியங்கிக் குழாய்கள் தூய்மைக்கும் நீர்ச் சிக்கனத்துக்கும் ஒருசேர விடை என்று கருதப்பட்டன. 2011-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் தங்கள் குழாய்நீரைச் சோதித்தார்கள். தானியங்கிக் குழாய்களின் மாதிரிகளில் பாதியில் லீஜனெல்லா வளர்ந்தது. கையால் திருகும் குழாய்களில் 15 விழுக்காட்டில்தான். நீரோட்டம் குறைவு, உள்ளே சிக்கலான அடைப்பிதழ்கள், அவற்றில் கிருமி ஒட்டிக்கொள்ள இடம். நீரை மிச்சப்படுத்துவது தவறு என்று இதற்குப் பொருளில்லை. நீர் எவ்வளவு நேரம் குழாயில் காத்திருக்கிறது என்பதையும் சேர்த்து வரைய வேண்டும் என்பதே பொருள்.

தரைவடிகாலின் கதை இன்னும் கூர்மையானது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் வளைந்த குழாயில் சிறிது நீரை நிறுத்திச் சாக்கடை வாயுவைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் குழாய்க்காரர்கள் நாஹ்னி ட்ராப் என்று சொல்லும் தரைவடிகாலும் அதே தத்துவத்தில் இயங்குகிறது. 2003-ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டோருக்குப் பரவியபோது, விசாரணை அந்தச் சிறு வளைவில் வந்து நின்றது. மக்கள் குளியலறைத் தரையை நீரூற்றிக் கழுவாமல் ஈரத் துணியால் துடைத்து வந்ததால் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிவிட்டிருந்தது. வெளியேற்று விசிறியைப் போட்டதும், கெட்ட காற்றை வெளியே தள்ளவேண்டிய அது, சாக்கடைக் குழாயிலிருந்து துளிகளை உள்ளே இழுத்தது. அலுவலகக் கழிப்பறையைக் காய்ந்த தரையாக வைத்திருக்க விரும்பும் இன்றைய வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் இதைப் படித்தாக வேண்டும். காய்ந்த தரை நல்லதுதான், வளைவில் நீர் நிற்க வழி செய்துவிட்டால்.

2022-ல் கொலராடோ பல்கலைக்கழகப் பொறியாளர்கள், மூடியில்லாத வணிகக் கழிகலத்தில் நீர் பாயும்போது எழும் நுண்துளிகளைப் பச்சை லேசர் ஒளியில் படம்பிடித்தார்கள். எட்டு நொடியில் அவை ஒன்றரை மீட்டர் உயரத்தை எட்டின. சாளரமும் இல்லாத, விசிறியும் ஓடாத சிற்றறையில் அடுத்து நுழைபவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

இந்தியாவில் பசுமைக் கட்டட இயக்கம் வேர்விட்ட இடம் ஹைதராபாத். அங்குள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-ல் லீட் என்ற பசுமைக் கட்டடத் தரமுறையின் பிளாட்டினம் தரச்சான்று பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அதைப் பெற்ற முதல் கட்டடம் அதுவே. காற்றுக் கோபுரங்கள், துளைச் சுவர்கள், கூரைத்தோட்டம், நாணல் வேர்களால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் படுகை என்று நம் பருவநிலைக்கு உரிய பலவற்றை அது மீட்டெடுத்தது. பின்னால் வந்த கண்ணாடிக் கோபுரங்கள் பல அதன் சான்றிதழ் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டன. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் சில நிறுவனங்கள் கழிப்பறைக்கு நீரில்லாமல் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. சுத்திகரித்த நீரைக் கழிகலத்துக்குத் தனிக் குழாயில் அனுப்பும் இரட்டைக் குழாய் முறை இத்தகைய நகரத்தில் சான்றிதழ்ப் புள்ளிக்காகச் செய்வது அன்று. கட்டடம் இயங்குவதற்கே அது வேண்டும்.

மிட்டாய்த் தெருவிலிருந்து 22-அ வரை

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அவர்கள் கண்ட தீர்வு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கோளாறு எனத் தொடரும் அதன் விளைவுகளைத் தனித்தனியாகச் சுமந்தவர்களைத் தையல் தொழிலாளி விஜி 2009 வாக்கில் பெண்கூட்டு என்ற அமைப்பில் திரட்டினார். முதல் கோரிக்கை கழிப்பறை. இருக்கைக் கோரிக்கை அதைத் தொடர்ந்து வந்தது. 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரின் சேலைக்கடை ஒன்றின் பெண் ஊழியர்கள் தொடங்கிய உட்காரும் போராட்டம் நூறு நாட்களைக் கடந்தது. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் ஒப்புதல் தர, 2021-ல் சட்டமன்றம் நிறைவேற்றியது.

தியாகராய நகரின் துணிக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் எடை புரியும். கீழ்த்தளத்தில் குளிர்காற்றும் பளிங்குத் தரையும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் கால்களில் புடைத்த நரம்புகள். 22-அ பிரிவின் வாசகம், பணியின் இடையே வாய்ப்பு அமையும்போது உட்கார ஏற்ற இருக்கை என்கிறது. 1948 சட்டமும் ஏறத்தாழ அதையே சொன்னது. வாய்ப்பு அமைந்ததா என்று தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர் என்பதால், இருக்கையை எங்கே வைக்கிறோம் என்பது வெறும் அறைகலன் தேர்வாக நின்றுவிடாது. கல்லாவின் பின்னால், சரக்கு அடுக்கும் மேசையின் உயரத்துக்கு ஏற்ப, விற்பனையை நிறுத்தாமல் அமரும்படி முதல் வரைபடத்திலேயே இருக்கை இருந்தால் அது பயன்படும். பிறகு கொண்டுவந்து போட்ட முக்காலி மூலைக்குப் போய்விடும். கழிப்பறையும் அப்படியே. நான்கு மாடிக் கடையில் ஊழியர் கழிப்பறை பின்படிக்கட்டின் உச்சியில் இருந்தால், போய்வர ஆகும் நேரமே அதைப் பூட்டிவைக்கிறது.

பெண்களுக்குக் கழிப்பறைப் பயன்பாட்டில் நேரம் கூடுதலாகும் என்பதை ஏற்று, கலிபோர்னியா 1987-லேயே சமநிலைச் சட்டம் கொண்டுவந்தது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் அலுவலகங்களில் 25 ஆண்களுக்கு ஒன்று, 15 பெண்களுக்கு ஒன்று என வேறுபடுத்துகிறது. ஆனால் மாநில, உள்ளாட்சி விதிகளில் சேர்க்கப்படாதவரை அது பரிந்துரைதான். எண்ணிக்கை தாளில் சரியாக இருந்து, திறவுகோல் மேலாளரிடம் இருக்கும் கட்டடங்களும் உண்டு.

கடைசியாக, கழுவுபவர். துடைப்பமும் வாளியும் வைக்கத் தனி இடம், அழுக்குநீரைக் கொட்டத் தாழ்ந்த தொட்டி, கைகழுவி உடைமாற்ற ஓர் அறை ஆகியவை இல்லாத கழிப்பறையைத் தூய்மையாக வைத்திருக்க முடியாது. அந்த வேலை எந்தச் சாதியினர்மீது சுமத்தப்பட்டதோ, அவர்களின் இளைப்பாறல் மாடிப்படியின் அடியில் கழிகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014-ல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், இறப்புகள் நிற்காததால் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. வணிக வளாகங்களில் தொட்டி பெரும்பாலும் வாகன நிறுத்தத்தின் அடியில், உறிஞ்சு வண்டியின் குழாய் எளிதில் எட்டாத மூலையில் அமைகிறது. வண்டி வந்து நிற்கும் தூரம், மூடியின் அகலம், அடிக்கசடு ஒரே பக்கம் சேரும்படியான சரிவு, இவை மூன்றும் வரைபடத்தில் இருந்தால் உள்ளே இறங்க ஆள் தேவைப்படாது. கட்டட அனுமதிக்கு வரும் தாள்களில் வாகன நிறுத்தத்தின் அளவை அதிகாரிகள் மீட்டர் மீட்டராகச் சரிபார்க்கிறார்கள். இந்த மூன்றையும் அதே மேசையில், அதே கண்டிப்போடு சரிபார்க்க முடியும்.