கைவிடலைக் குறிக்கும் சொற்கள்: ஆங்கில, போர்த்துகீசியச் சொல் வரலாறு

ஒரு திட்டம் தொடங்குமுன் நீக்கப்படுவதும், தொடங்கியபின் இடையில் முறிக்கப்படுவதும் வேறுவேறு நிகழ்வுகளாகும். ஆங்கிலமும் போர்த்துகீசியமும் இவ்வேறுபாட்டை இலத்தீன்வழிப் பெற்ற இரு சொற்களால் உணர்த்துகின்றன.

முதற்சொல் ஆங்கிலத்தில் ‘கேன்சல்’, போர்த்துகீசியத்தில் ‘கான்செலார்’. இவற்றின் மூலம் கிராதியைக் குறிக்கும் ‘கான்கெல்லி’ என்னும் இலத்தீன் சொல்லாகும். எழுத்தின்மேல் கிராதிபோலக் குறுக்குக் கோடுகளிட்டு ஆவணத்தைச் செல்லாததாக்கிய வழக்கிலிருந்து நீக்கற்பொருள் பிறந்தது. போர்த்துகீசியத்தில் ‘கான்செலா’ இன்றும் வாயில் தடுப்பைக் குறிப்பதால், அம்மொழியில் பழைய பருப்பொருளும் உடன் வாழ்கிறது. தமிழின் ‘கிராதி’ என்பதும் போர்த்துகீசியக் கொடையே என்பது நோக்கத்தக்கது.

இரண்டாவது சொல் ‘அபார்ட்’, ‘அபோர்தார்’ என்பன. தோன்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை எதிர்மறை முன்னொட்டுப் பெற்று, கருச்சிதைவைக் குறித்தது. இரண்டாம் உலகப்போர்க்கால வான்படை வழக்கில், பணி முடியாமல் திரும்புதலையும் ஆங்கிலச் சொல் குறிக்கலாயிற்று. விண்வெளித் துறை அதனை ஏற்றுக்கொண்டது.

ஏவுதல் தள்ளிப்போகும்போது இரு மொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலம் தேய்த்துக் கழுவுதலைக் குறிக்கும் ‘ஸ்க்ரப்’ என்பதை ஆள்கிறது. போர்த்துகீசியமோ, நாள் எனப் பொருள்படும் ‘தியா’வை அடியாகக் கொண்ட ‘அதியார்’ என்னும் சொல்லால் மற்றொரு நாளுக்கு ஒத்திவைக்கிறது. முன்னது அழிக்கிறது, பின்னது மறுநாளை நினைவூட்டுகிறது.

1970ஆம் ஆண்டு இவ்வேறுபாட்டிற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டு ஜனவரியில் ஒன்றும் செப்டம்பரில் இரண்டுமாக மூன்று அப்பல்லோ பயணங்கள் நீக்கப்பட்டன. ஏப்ரலில் அப்பல்லோ 13 கலத்தின் உயிர்வளிக் கலன் வெடித்தமையால் நிலவிறக்கம் முறிக்கப்பட்டது. மூவரும் உயிருடன் மீண்டனர். முன்னது நிதியும் நிர்வாகமும் சார்ந்த முடிவு. பின்னது உயிர்காப்பு முடிவு.

தமிழில் இவையனைத்தும் பெரும்பாலும் ‘ரத்து’ என்னும் ஒரே சொல்லுள் அடங்குகின்றன. அரபு மூலமுடைய அச்சொல் ஆணையை விலக்குதற்குரிய ஆட்சிச்சொல்லாகும். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 ஏவுதல், 56 நிமிடங்களே எஞ்சியிருந்த நிலையில் நிறுத்தப்பட்டது. ஜூலை 22 அன்று கலம் விண்ணேகியது. இதனை ‘ரத்து’ என்றால் திட்டமே கைவிடப்பட்டதாகப் பொருள்படக்கூடும். எனவே நீக்கம், இடைமுறிப்பு, ஒத்திவைப்பு என மூன்றாகப் பகுத்தாளுதல் கலைச்சொல்லாக்கத்திற்கு இன்றியமையாததாகும்.