எம்மாவு போன வழி: லூக்கா 24, 13 முதல் 35 வரை

உயிர்த்த ஞாயிறன்று மாலைத் திருப்பலியில் இந்தப் பகுதியை வாசிப்பதுண்டு. கல்லறையருகே நடந்ததை லூக்கா பன்னிரண்டு வசனங்களில் முடித்துவிடுகிறார். வழியில் நடந்ததற்கோ இருபத்து மூன்று வசனங்கள். உயிர்ப்பை நம்புவது எப்படி என்பதை நடந்து களைத்தவர்களை வைத்தே சொல்லவேண்டும் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். ஜொகூரில் ரெங்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இது அந்நியமான பகுதியல்ல.

13 முதல் 16. சீடர் இருவர் எருசலேமை விட்டு எம்மாவுக்குப் போகிறார்கள். ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர் தூரம். ஒருவர் பெயர் கிளயோப்பா. மற்றவர் யாரென்று சொல்லவில்லை. அது அவருடைய மனைவியாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். இயேசு அவர்களை வழிமறிக்கவில்லை, திரும்பிப் போங்கள் என்று சொல்லவுமில்லை. அவர்கள் போகும் திசையிலேயே கூட நடக்கிறார். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்து குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் எத்தனை! ஜெபமாலையையும் சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இந்த நான்கு வசனங்கள் பெரிய ஆறுதல்.

17 முதல் 21. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று இயேசு கேட்டதும் இருவரும் வாடிய முகத்தோடு நின்றுவிடுகிறார்கள். பிறகு கிளயோப்பா நடந்ததையெல்லாம் சொல்கிறார். மீட்பு வரும் என்று காத்திருந்ததை, கடந்துபோன கதையாகச் சொல்கிறார். எல்லாம் அறிந்தவர் ஒன்றும் அறியாதவர்போல் கேட்டுக்கொண்டே வருகிறார். துக்கத்தை முழுவதும் சொல்லி முடிக்க விடுகிறார். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சயாம் ரயில் நினைவுக்கு வரும். 1942, 1943இல் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். 1945இல் போர் முடிந்த பின்னும் வாசலைப் பார்த்துக் காத்திருந்த பெண்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள். உயிர்ப்பு உண்டு என்பதால் அந்த ஆண்கள் வீடு திரும்பிவிடவில்லை. இதை மறைத்துக்கொண்டு உயிர்த்த ஞாயிறைக் கொண்டாடினால் அது பொய்யாகிவிடும். கிளயோப்பாவின் துயரத்தை லூக்கா ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். விசுவாசம் நிலைப்பது, கண்ணீரைப் பேசவிடும் இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

22 முதல் 24. விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் கொண்டுவந்த செய்தியையும் கிளயோப்பா சொல்கிறார். ஆனால் அதை நம்பியதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்களின் பேச்சைத் திருத்தூதர்களே வெறும் பிதற்றல் என்று தள்ளியதை 11ஆம் வசனத்தில் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் தோட்டங்களிலும் விடியலுக்கு முன் எழுந்த பெண்கள் இருந்தார்கள். குளிர் இருக்கும்போதுதான் ரப்பர்ப் பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டோடு எழுந்து, பிரட்டு என்னும் காலைப் பெயரழைப்புக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். விடியுமுன் எழுந்தவர்களே முதலில் கண்டார்கள் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்ததும் பெரும்பாலும் அவர்களே.

25 முதல் 27. இங்கே இயேசுவின் கண்டிப்பு வருகிறது. மோசே தொடங்கி இறைவாக்கினர் வரை எடுத்துக்காட்டி, பாடுபட்ட பிறகே மாட்சி என்று விளக்குகிறார். எந்தெந்த வசனங்கள் என்பதை லூக்கா சொல்லவில்லை.

28 முதல் 31. ஊர் நெருங்குகிறது. அவர் அப்பால் போகிறவர்போல் காட்டிக்கொள்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, தங்குங்கள் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். இன்னாரென்று தெரியாத ஒருவரைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அந்த அழைப்பு இல்லையென்றால் அடுத்து நடந்த எதுவும் இல்லை. பந்தியில் விருந்தாளியே அப்பத்தை எடுத்து, ஆசி கூறி, பிட்டுக் கொடுக்கிறார். அவர்கள் கண் திறக்கிறது. உடனே அவர் மறைந்துபோகிறார். இது நடந்தது ஆலயத்தில் அல்ல, ஒரு வீட்டில். 2020 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறன்று, கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஆலயங்கள் எல்லாம் பூட்டியிருந்தபோது, மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, கைபேசியில் திருப்பலி கண்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பங்கள் இந்த 30ஆம் வசனத்துக்குள்தான் இருந்தன.

உயிர்த்த ஞாயிறைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பெரிய வெள்ளிக்கு வீட்டில் இருக்க முடிந்த அரசு ஊழியரும் பள்ளிப் பிள்ளைகளும் உயிர்த்த ஞாயிறன்று வேலைக்கும் பள்ளிக்கும் போகவேண்டியிருந்தது. சனி இரவு ஆலய முற்றத்தில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியில் சிலுவையும் அந்த ஆண்டின் நான்கு எண்களும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, அதை ஏற்றி இருட்டுக்குள் ஏந்திப்போகும் திருவிழிப்பை முடித்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பியவர்கள், காலையில் சீருடை அணிந்து கிளம்பினார்கள். 2025இல்தான் ஞாயிறு மறுபடி விடுமுறை ஆனது. அந்தப் பதினோரு ஆண்டுகளும் சலிக்காமல் வந்தவர்களை நான் மதிப்போடு நினைக்கிறேன்.

32 முதல் 35. வழியில் அவர் பேசியபோதே நெஞ்சு பற்றியெரிந்ததை இப்போதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தங்கச் சொன்னபோது இருட்டைக் காரணம் காட்டியவர்கள், அந்த நேரமே எழுந்து, வந்த பதினோரு கிலோமீட்டரையும் திரும்ப நடக்கிறார்கள். எருசலேம் இருப்பது மலைமேல். எந்த ஊரில் ஆண்டவரைக் கொன்றார்களோ அதே ஊருக்குத்தான் போகிறார்கள். ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்தால், ஆண்டவர் உயிர்த்தெழுந்து சீமோனுக்குத் தோன்றினார் என்று அங்கே கூடியிருந்தவர்கள் முந்திக்கொண்டு சொல்கிறார்கள். இவர்களுடைய செய்தி அடுத்துதான் வருகிறது. காலையில் பெண்கள் சொன்னது மெய்தான் என்று அந்த வீட்டில் யாராவது அவர்களிடம் ஒப்புக்கொண்டார்களா என்பதை மட்டும் லூக்கா எழுதவில்லை.