‘பாசி’ன்னா பயறா, குளத்துப் பாசியா? இணையத்தைப் படித்தே கற்கும் கம்ப்யூட்டர் எங்கே தடுமாறுகிறது?

கோவில்பட்டி பக்கம் பசுவந்தனை கரிசல் காட்டில் ஒரு விவசாயி “இந்த வருஷம் பாசி போட்டிருக்கோம்” என்றால், அது பாசிப்பயறு. ஊருணியில் “பாசி பிடிச்சிருக்கு” என்றால் வேற. கழுத்தில் போடுகிற பாசி இன்னொன்று. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வித்தியாசம், எழுத்தை மட்டும் படித்துக் கற்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

‘நெல்’ என்றொரு புரோகிராம்

வயலில் விளையும் நெல் இல்லை. ‘நெவர் எண்டிங் லாங்வேஜ் லேர்னிங்’ என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் இதை ஓடவிட்டது. வேலை ஒன்றுதான்: இரவு பகலாக இணையத்தில் ஆங்கிலப் பக்கங்களைப் படித்து, உண்மைகளைச் சேகரிப்பது.

எப்படிக் கற்றது?

நம்ம ஊர் உதாரணத்தில் பார்க்கலாம். மதுரை, திருநெல்வேலி ரெண்டும் நகரம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். ‘மதுரை போன்ற நகரங்களில்’ என்ற தொடர் பல இடத்தில் வரும். உடனே, ‘போன்ற நகரங்களில்’ என்பதற்கு முன்னால் வருவது நகரம் என்று பிடித்துக்கொள்ளும். அடுத்து ‘கோவில்பட்டி போன்ற நகரங்களில்’ என்று படித்தால், கோவில்பட்டியும் பட்டியலில் சேரும். அந்தப் பெயரைச் சுற்றி வரும் தொடர்களிலிருந்து இன்னும் புது ஊர்கள் கிடைக்கும். இப்படியே 2010 அக்டோபருக்குள் சுமார் 3.9 லட்சம் உண்மைகளைச் சேர்த்துவிட்டது. துல்லியம் சுமார் 87 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

குக்கீஸில் வந்த வினை

மீதி 13 சதவீதம்தான் சுவாரஸ்யம். பேக்கரி பண்டங்களின் பட்டியலில் குக்கீஸ் இருந்தது. இணையதளங்கள் நம் போனில் விட்டுச்செல்லும் சின்னப் பதிவுக்கும் குக்கீஸ் என்றுதான் பெயர். நெல் அதையும் தின்பண்டம் என்று சேர்த்துக்கொண்டது. ‘குக்கீஸை டெலிட் செய்தேன்’ என்று படித்திருந்ததால், ‘ஃபைல்களை டெலிட் செய்தேன்’ என்று வந்ததும் ஃபைலையும் பேக்கரியில் வைத்துவிட்டது! ஒரு தப்பு அடுத்த தப்பைக் கூட்டிவந்தது. கடைசியில் மனிதர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டியதாயிற்று.

தமிழில் என்ன நிலை?

‘பாசி’ நம்ம குக்கீஸ். ‘பாசி விதைத்தார்கள்’, ‘கண்மாயில் பாசி படர்ந்தது’ இரண்டையும் படிக்கும் இயந்திரம், குளத்துப் பாசியைப் பயிர்ப் பட்டியலில் சேர்த்தால் ஆச்சரியமில்லை. (ராமநாதபுரம் பக்கம் கடல்பாசியை நிஜமாகவே வளர்க்கிறார்கள், அது குழப்பத்தைக் கூட்டும்.) பூச்சி மருந்து கேட்கும் விவசாயிக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு 2020-ல் வெளியிட்ட ‘இண்டிக்கார்ப்’ தொகுப்பில் தமிழும் உண்டு. அதில் பெரும்பகுதி செய்தித் தளங்களில் எடுத்தது. அதாவது இயந்திரம் படிப்பது பெரும்பாலும் செய்தித் தமிழ். கரிசல் பேச்சு அதில் எவ்வளவு வரும்? கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதியே போட வேண்டியிருந்தது. அதே ஏஐ4பாரத் குழு 2024-ல், 22 மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவு செய்த ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பையும் வெளியிட்டது.

இப்போதைக்கு, போனில் பயிர் பற்றிக் கேட்கும்போது வெறும் ‘பாசி’ என்று கேட்காமல் ‘பாசிப்பயறு’ என்று முழுசாகக் கேளுங்கள்.