மதியிறுக்கமும் மாணவர் தன்னார்வப் பணியும்

மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடையோருக்குக் கற்பித்தல், உடன் விளையாடுதல், நட்புப் பேணல் முதலியவற்றில் பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்பது பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். மதியிறுக்கம் தொற்றுநோயோ, வளர்ப்புக் குறையோ அன்று. பிறர் பேச்சையும் குறிப்பையும் உணர்தல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை ஏற்றல் போன்றவற்றில் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலையாகும். உலக நலவாழ்வு அமைப்பின் கணிப்பின்படி 2021 இல் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்நிலை உடையவர்.

லாஸ் ஏஞ்சலஸ் திட்டம்

மாணவர் உழைப்பை மிகுதியாகப் பயன்படுத்திய முயற்சி, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உளவியலாளர் இவார் லோவாஸ் நடத்தியதாகும். பயிற்சி பெற்ற மாணவர்கள் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று வாரத்துக்கு 40 மணி நேரம் வரை, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கற்பித்தனர். இவ்வாறு பயின்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பொதுப் பள்ளியின் முதல் வகுப்பை இயல்பான நுண்ணறிவு அளவுடன் முடித்தனர் என 1987 இல் லோவாஸ் அறிவித்தார். பெற்றோரிடையே இது பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது.

இம்முடிவு இன்றும் விவாதத்துக்கு உரியது. குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. கற்பிக்கப் போதிய ஆட்கள் இருந்தபோது முழுப் பயிற்சிக் குழுவிலும், இல்லாதபோது ஒப்பீட்டுக் குழுவிலும் சேர்க்கப்பட்டனர். எத்தனை மாணவர்கள் கிடைத்தனர் என்பதே ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் பயிற்சியைத் தீர்மானித்தது எனலாம். உரத்த அதட்டலும் தொடையில் அடித்தலும் பயிற்சியில் இடம்பெற்றிருந்தன. பிற்காலத்தில் மதியிறுக்கம் உடையோர் பலரும் இதனை வன்மையாகக் கண்டித்தனர்.

விழிப்புணர்வும் முன்வருதலும்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 டிசம்பர் 18 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2008 முதல் ஏப்ரல் 2 உலக மதியிறுக்க விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆயினும் ஒன்றைப் பற்றி அறிந்திருத்தல் வேறு, அதற்காக நேரம் ஒதுக்குதல் வேறு. நேரடிப் பழக்கம் முற்சாய்வைக் குறைக்கும் என 1954 இல் கோர்டன் ஆல்போர்ட் வாதிட்டார். ஆனால் இருவரும் சமநிலையில், பொது நோக்குடன் பழகவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. உதவுபவர், உதவி பெறுபவர் என்னும் உறவு இயல்பாகவே சமமற்றது. ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அந்தோனி கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய பெஸ்ட் படீஸ், அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடு உடையோரை மாணவர்களுடன் இணைத்தபோது கற்பித்தலை அல்ல, நட்பையே முன்வைத்தது. 2006 இல் அமெரிக்காவில் மதியிறுக்கம் உடையோரே தமக்கென அமைப்பு ஒன்றை நிறுவினர். விழிப்புணர்வைவிட ஏற்பே தேவை என அது வலியுறுத்துகிறது.

இந்தியாவில்

1999 இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மதியிறுக்கத்தை உள்ளடக்குகின்றன. 1969 இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக மாணவர்கள் சிறப்புப் பள்ளிகளிலும் பணியாற்ற இயலும். இத்திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். லோவாசின் குழந்தை ஒன்று ஆறே வாரங்களில் பெற்ற நேரம் இது. பழகிய முகமும் மாறாத நேர ஒழுங்கும் மதியிறுக்கம் உடைய குழந்தைகள் பலருக்கு இன்றியமையாதவை. தேர்வுக்காலத்திலும் விடுமுறையிலும் மாணவர் வருகை நின்றுபோவது இப்பணியின் முதன்மையான இடர்ப்பாடாகும்.