உழவர் அளித்த உபகாரச் சம்பளம்

ஆண்டு விழா நெருங்கினால் நாடகச் சீட்டுப் புத்தகத்துடன் காலனியில் வீடுவீடாக ஏறி இறங்குவது நம் வழக்கம். மிஞ்சும் தொகை மாணவர் நிதிக்கு. அந்நிதி தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமோ என்ற வினாவும் ஆண்டுதோறும் எழுகிறது. அப்போதெல்லாம் 1912-ஆம் ஆண்டுக் கலிபோர்னியா நம் நினைவுக்கு வருகிறது.

அங்கே, ஸ்டாக்டன் நகருக்கு அருகே குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பொருளீட்டியவர் ஜுவாலா சிங் என்னும் பஞ்சாபிய உழவர். அவ்வூரில் குருத்துவாரா எழுந்ததும் அவ்வாண்டே. வயலில் உழைத்தோர் கூடி வழிபட்டதும், ஒரே பந்தியில் உண்டதும், தாயகச் செய்தி பேசியதும் அங்கேதான். லாலா ஹரதயாளுடன் கலந்து, பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பயில இந்திய மாணவரை வரவழைக்க அவ்வுழவர் பொருள் வழங்கினார். உபகாரச் சம்பளம் குரு கோவிந்த சிங்கின் பெயரால் அமைந்தது. ஆயினும் தேர்வில் சாதி, சமயம், மாகாணம் எதுவும் பார்க்கப்படவில்லை. தேர்ந்தெடுக்கப்பெற்றோர் அறுவர்.

1913-இல் கதர் கட்சி தோன்றிற்று. (நாம் உடுத்தும் கதரன்று, கிளர்ச்சி என்று பொருள்படும் சொல்.) அதன் முன்னணியில் நின்ற ஜுவாலா சிங் 1914-இல் தாயகம் திரும்பியதும் சிறைப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்றார்.

நம் விண்ணப்பத் தாளில் தாய்மொழி கேட்கும் வரி இன்னும் இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் அதனை எடுத்துப் பேச எண்ணியுள்ளோம்.