எம்டன்: கப்பலாய் வந்தது, சொல்லாய் நின்றது

மாமல்லபுரத்துக் குன்றின்மேல், பல்லவர் எழுப்பிய ஒலக்கணேசுவரர் ஆலயத்தின் உச்சியில் ஒரு காலத்தில் கடலோடிகளுக்காக ஏற்றப்பட்ட விளக்கையும், அதற்கு அருகே இன்று கருங்கல்லால் ஓங்கி நிற்கும் கலங்கரை விளக்கத்தையும் எண்ணியபடி கிழக்குக் கடலை நோக்கி நிற்பவனுக்கு, 1914-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் இந்தச் சமுத்திரத்தின் வழியே தெற்கே சென்ற ஒரு யுத்தக் கப்பலின் ஞாபகம் எழாமல் இராது.

அம்மாதம் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கார்ல் ஃபான் முல்லர் என்னும் காப்டனின் தலைமையில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற ஜெர்மானியக் கப்பலான எம்டன், அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தி, துறைமுகத்தில் நின்ற வர்த்தகக் கப்பலொன்றில் உயிர்ச்சேதமும் விளைவித்துவிட்டு, பதில் குண்டுகளுக்கு அகப்படாமல் இருளில் மறைந்தது. மறுநாள் முதல் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறி உள்நாட்டுக்கு ஓடினார்கள். தென்திசைக்குப் புறப்பட்டவர்களுக்குச் செங்கற்பட்டு ஏரியைக் கண்ட பிறகே மூச்சு வந்திருக்கும். பின்னால் கரையோரத்து ஆகாயம் எண்ணெய் எரியும் ஜ்வாலையால் சிவந்திருக்க, கப்பலோ புதுச்சேரிப் பக்கமாக இலங்கைக் கடலை நாடிச் சென்றது.

பிடித்த வர்த்தகக் கப்பலை மூழ்கடிக்குமுன் அதிலிருந்தோரைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதை நியதியாகக் கொண்ட முல்லரைச் சத்துருக்களும் மதித்தனர். நவம்பர் 9-ந் தேதி கோக்கோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனைச் சிதைத்தது. எம்டனின் மாலுமிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் உலக யுத்தம் முடியுமுன்னரே, 1915-ல், ஆஸ்திரேலியர் அந்த வெற்றியைச் சலனப்படமாக்கினர். 1926-ல் ஜெர்மானியர் தம் மாலுமிகளின் வீரத்தை மௌனப்படமாக எடுத்தனர். அதே படத்துடன் சிட்னி கப்பலின் மாலுமிகளைக் கொண்டு எடுத்த காட்சிகளைச் சேர்த்து 1928-ல் ஆஸ்திரேலியரான கென் ஹால் வேறொரு படத்தை வெளியிட்டார். 1932-ல் ஜெர்மனியில் அக்கதை பேசும்படமாகவும் வந்தது.

வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் இவ்வாறு படங்கள் கிடைத்தன. குண்டடி பட்ட கரைக்குக் கிடைத்தது ஒரு சொல். எவருக்கும் பிடிகொடுக்காத சாமர்த்தியசாலியையும், கண்டாலே வீடு நடுங்கும் கண்டிப்பான தகப்பனாரையும் நம் ஜனங்கள் 'எம்டன்' என்றார்கள். பயத்தைச் சிரிப்பாகவும் பகையை வியப்பாகவும் மாற்றிக்கொள்ளும் அவர்களுடைய மனோதர்மம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. 2006-ல், தமிழ்ப் பெயருள்ள படங்களுக்கான வரிச்சலுகையை முன்னிட்டு, 'எம்டன் மகன்' என்ற தமிழ்ப்படம் 'எம் மகன்' என்று பெயர் மாறிற்று. சட்டம் அதை அந்நியச் சொல் என்று கொள்ளட்டும். தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாகப் பாட்டிமார் வாயில் புழங்கிய பிறகு, அது தமிழ்ச் சொல்லே என்று நான் கொள்கிறேன்.